பூமிக்குள் பாறைக்குழம்புக் கடல் இருக்கிறதா?

புவியின் உள்ளமைப்பும் புவித்தட்டுகளும் பாடமாக நடைபெறும் நடுநிலை வகுப்புகளிலிருந்தும், அந்த மாணவர்களின் வீடுகளிலிருந்தும் வந்த கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பூமியின் மையம் 6,371 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. அங்கே யாரும் போனதில்லை. பிறகு எப்படி மேலோடு, அதன் கீழே கவசம், மையத்தில் கருவம் என்று பிரித்து, ஒவ்வொன்றின் தடிமனையும் கிலோமீட்டர் கணக்கில் சொல்கிறார்கள்?
— ஏழாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

பதில்: போக முயன்றவர்களாலும் வெகுதூரம் இறங்க முடியவில்லை. சோவியத் ஒன்றியம் தன் வடமேற்கு மூலையிலுள்ள கோலா தீபகற்பத்தில் 1970-இல் தோண்டத் தொடங்கிய ஆழ்துளை 1989-இல் 12,262 மீட்டரை எட்டியது. சுமார் 100 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கும் என்று எதிர்பார்த்த ஆழத்தில் 180 டிகிரி இருந்ததால், அதற்கு மேல் துளையிடுவது இயலாமல் போயிற்று. உலகின் மிக ஆழமான அந்தத் துளை பூமியின் ஆரத்தில் ஐந்நூறில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை; அந்தப் பகுதி மேலோட்டின் தடிமனிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரைதான் சென்றது.

எனவே உள்ளமைப்பைக் கண்டறிய நிலநடுக்கங்களே உதவின. பெரிய நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டால் அதன் அலைகள் பூமியை ஊடுருவி மறுபக்கம் வரை செல்கின்றன. அவற்றுள் முதலில் வந்துசேரும் முதன்மை அலைகள் பாறையை அமுக்கியும் விரித்தும் முன்னேறுவதால், திடப்பொருளின் வழியாகவும் திரவத்தின் வழியாகவும் கடக்கும். அடுத்து வரும் இரண்டாம் நிலை அலைகள் பாறையைப் பக்கவாட்டில் அசைத்தபடி செல்கின்றன. அப்படி அசைக்கப்பட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் விறைப்பு திரவத்துக்கு இல்லாததால், அவை திரவத்தின் வழியே பரவுவதில்லை. ஒரே நிலநடுக்கத்தை உலகின் பல நிலையங்களில் பதிவுசெய்து, எந்த அலை எங்கே எத்தனை நிமிடத்தில் வந்தது, எங்கே வரவே இல்லை என்று ஒப்பிட்டால், அது கடந்துவந்த வழியில் என்ன இருந்தது என்பதைக் கணக்கிட்டுவிடலாம்.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடமுண்டு. 1897 ஜூன் 12 அன்று அசாமையும் ஷில்லாங் பீடபூமியையும் உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை விரிவாக ஆராய்ந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். தொலைதூரக் கருவிகளில் பதிவாகியிருந்த அதிர்வுகளில் மூன்று வகை அலைகள் தனித்தனியே தெரிவதை அவர் அடையாளம் கண்டார். 1906-இல், பூமிக்கு வேறுபட்ட பொருளாலான ஒரு கருவம் உண்டு என்று அலைகளின் தாமதத்தைக் கொண்டே வாதிட்டார். 1909-இல் ஜாக்ரெப் நகருக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பதிவுகளிலிருந்து குரோவேஷிய அறிஞர் மொஹொரோவிசிச், மேலோட்டுக்குக் கீழே அலையின் வேகம் திடீரெனக் கூடும் ஓர் எல்லை இருப்பதைக் காட்டினார். கண்டங்களின் அடியில் அந்த எல்லை சராசரியாக 35 முதல் 40 கி.மீ. ஆழத்திலும், பெருங்கடல் தரைக்கு அடியில் சுமார் 7 கி.மீ. ஆழத்திலும், திபெத்துக்கு அடியில் ஏறத்தாழ 70 கி.மீ. ஆழத்திலும் உள்ளது.

சுமார் 2,890 கி.மீ. ஆழத்தில் முதன்மை அலையின் வேகம் ஒரேயடியாகக் குறைகிறது. இரண்டாம் நிலை அலை நின்றே போகிறது. வெளிக்கருவம் திரவம் என்பதற்கு இதுவே சான்று. கருவம் முழுவதுமே திரவமாக இருக்குமென்றால் சில அலைகள் தென்படக் கூடாத இடங்களில் தென்படுவது ஏன் என்ற கேள்வி எழுந்தது. 1929-இல் நியூசிலாந்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பதிவுகளில் அத்தகைய மெல்லிய அலைகளைப் பார்த்த டென்மார்க் அறிஞர் இங்கே லேமன், திரவத்தின் நடுவே வேறொரு உட்கருவம் இருந்தால்தான் அவை அங்கே வர முடியும் என்று 1936-இல் நிறுவினார். அது திடப்பொருள் என்பது பின்னர் தெளிவாயிற்று. கணினி இல்லாத காலத்தில் காகிதத்திலும் அட்டைகளிலும் குறித்துவைத்த நேரக் கணக்குகளால் அடையப்பட்ட முடிவு இது. ஆழங்களை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் லேமனின் பெயரையும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: பாடநூல் படத்தில் கவசம் செம்மஞ்சள் நிறத்தில் கொதிப்பதுபோல் இருக்கிறது. அப்படியானால் நாம் பாறைக்குழம்புக் கடலின் மேல் மிதக்கிறோமா? அதைத் துளைத்தால் எரிமலை வருமா?
— எட்டாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. கவசம் திடமான பாறை. ஆசிரியர்கள் உட்படப் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதற்கு அந்தப் படங்களின் நிறமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சான்று முந்தைய பதிலிலேயே இருக்கிறது. திரவத்தைக் கடக்க முடியாத இரண்டாம் நிலை அலைகள், மேலோட்டின் அடியிலிருந்து 2,890 கி.மீ. ஆழம் வரை கவசத்தை நன்றாகவே கடந்துவருகின்றன. அங்கே குழம்புக் கடல் இருந்தால் அவை அங்கேயே நின்றுபோயிருக்கும்.

அவ்வளவு வெப்பத்தில் ஏன் உருகவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆழம் கூடக்கூட வெப்பத்தோடு அழுத்தமும் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பாறை உருகத் தேவையான வெப்பநிலையும் உயர்கிறது. கவசத்தின் பெரும்பகுதியில் உருகுநிலை எப்போதும் உண்மையான வெப்பநிலையைவிட மேலேயே நிற்கிறது. சூரியனின் மேற்பரப்பை ஒத்த வெப்பத்திலும் உட்கருவத்தின் இரும்பு திடமாக இருப்பதற்கும் இதுவே காரணம். அங்கே அழுத்தம் நம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் முப்பது லட்சம் மடங்குக்கும் அதிகம்.

திடமான பாறை எப்படி நகரும் என்பதுதான் இதில் உண்மையிலேயே கடினமான பகுதி. கங்கோத்ரிப் பனியாற்றின் பனிக்கட்டியைச் சுத்தியலால் அடித்தால் உடையும். ஆனால் அதே பனிக்கட்டி தன் எடையாலேயே ஆண்டுக்கணக்கில் பள்ளத்தாக்கில் வழிந்து இறங்குகிறது. வேகமான விசைக்குத் திடமாகவும், மிக மெதுவான, நெடுங்கால விசைக்கு வழியக்கூடியதாகவும் ஒரே பொருள் நடந்துகொள்ள முடியும். நிலநடுக்க அலை சில நொடிகளில் கடப்பதால் அதற்குக் கவசம் விறைப்பான பாறை. லட்சக்கணக்கான ஆண்டுகள் நீடிக்கும் விசைக்கு அதே பாறை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இடம்பெயரும். புவித்தட்டு என்பது மேலோடு மட்டுமன்று. மேலோடும் அதனோடு ஒட்டிய கவசத்தின் மேற்பகுதியும் சேர்ந்து சுமார் 100 கி.மீ. தடிமனுள்ள விறைத்த பாறைப் பலகையே தட்டு. அதற்குக் கீழே, உருகுநிலையை நெருங்கிய, எளிதில் வழியும் பாறை அடுக்கின் மேல் அது நகர்கிறது.

எரிமலைகளில் வரும் குழம்பு எங்கிருந்தோ தேங்கிக் கிடந்து வருவதன்று; சில இடங்களில், சில சூழல்களில் மட்டும் புதிதாக உருவாவது. தட்டுகள் விலகும் இடத்தில் கவசப் பாறை மேலேறும்போது அழுத்தம் குறைந்து, அதில் ஒரு பங்கு உருகுகிறது. ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் புகும் இடத்திலோ, கூடவே சென்ற கடல்நீர் பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. இந்தியாவில் இன்றும் உயிர்ப்புள்ள ஒரே எரிமலையான அந்தமான் கடலின் பாரன் தீவு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நீங்கள் எங்கே துளையிட்டாலும் எரிமலை வராது, கோலாவிலும் வரவில்லை.

கேள்வி: கவசத்தில் சுழலும் வெப்பச்சலன ஓட்டங்களே தட்டுகளைச் சுமந்து செல்கின்றன என்று வகுப்பில் கற்பிக்கிறேன். "அப்படியானால் சில தட்டுகள் மட்டும் ஏன் வேகமாகப் போகின்றன?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன சொல்வது?
— சமூக அறிவியல் ஆசிரியை, சேலம்

பதில்: அந்த மாணவியைப் பாராட்டுங்கள், அம்மா, புவியியற்பியலாளர்களும் இதே வேறுபாட்டைப் பின்தொடர்ந்துதான் பழைய விளக்கத்தைத் திருத்தினார்கள்.

நீங்கள் கற்பிப்பது முற்றிலும் தவறன்று. பூமி உருவானபோது எஞ்சிய வெப்பமும், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் பிறக்கும் வெப்பமும் வெளியேறும் வழியாகக் கவசம் மெதுவாகச் சுழல்கிறது. ஆனால் கீழே ஓடும் ஓட்டம் மேலே உள்ள தட்டைச் சும்மா சுமந்து செல்கிறது என்ற படம், தட்டுக்கு எந்தப் பங்கும் தருவதில்லை. உண்மையில் தட்டே அந்தச் சுழற்சியின் குளிர்ந்த மேற்பகுதி. நடுக்கடல் மலைத்தொடரில் பிறக்கும் பெருங்கடல் தட்டு, விலகிச் செல்லச் செல்லக் குளிர்ந்து அடர்த்தி கூடி, கடலடியின் ஆழமான பள்ளமான அகழியில் தன் எடையால் கவசத்துக்குள் மூழ்குகிறது. மூழ்கும் விளிம்பு மீதித் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. இந்த இழுவையே மிகப் பெரிய விசை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

மாணவியின் கேள்விக்கு விடையும் இங்கேதான். பசிபிக் தட்டுக்கும், தென் அமெரிக்காவுக்கு மேற்கே கடலடியிலுள்ள நாஸ்கா தட்டுக்கும் இப்படி மூழ்கும் நீண்ட விளிம்புகள் உண்டு, அவை வேகமானவை. ஆப்பிரிக்கத் தட்டுக்கும் யூரேசியத் தட்டுக்கும் அவை மிகக் குறைவு, அவை மெதுவானவை. உலக வரைபடத்தில் அகழிகளையும் தட்டுகளின் வேகத்தையும் மாணவர்களையே குறிக்கச் சொன்னால், இதை நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

இந்தியத் தட்டு தனிக்கதை. மடகாஸ்கரிலிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வடக்கே நகர்ந்தபோது, ஒரு கட்டத்தில் அதன் வேகம் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் மேல் சென்றது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதிய பிறகு வேகம் சரிந்து, இன்று ஏறத்தாழ 5 செ.மீ.யாக இருக்கிறது. முன்னால் இருந்த கடல்தரை மூழ்கித் தீர்ந்தபின் வந்தது கண்டப் பாறை. அது எடை குறைந்ததாதலால் எளிதில் மூழ்காமல் மடிந்தும் அடுக்கடுக்காக ஏறியும் இமயமலையானது.

கேள்வி: எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் உள்ளன என்பது உண்மையா?
— ஆறாம் வகுப்பு மாணவர், புதுச்சேரி

பதில்: உண்மை. உச்சியிலுள்ள பாறை, கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடல் உயிரினங்களின் சிதைவுகள் அதில் உள்ளன. கடல் அவ்வளவு உயரம் ஏறவில்லை, கடல்தரைதான் ஏறியது.

கேள்வி: ஜெர்மன் அறிஞர் வெக்னர் 1912-லேயே கண்டங்கள் நகர்கின்றன என்று சொல்லிவிட்டார். பிறகு ஏன் ஐம்பது ஆண்டுகள் யாரும் ஏற்கவில்லை?
— எட்டாம் வகுப்பு மாணவி, ஈரோடு

பதில்: சான்றுகள் அவரிடம் நிறையவே இருந்தன. கிழக்கிந்தியாவின் ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரிப் படிவங்களில் கிடைக்கும் குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் படிவங்கள் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களிலும் அண்டார்டிகாவிலும் கிடைத்திருந்தன. நகர்த்தும் விசை எது என்பதில்தான் அவர் தடுமாறினார். பூமியின் சுழற்சியும் அலையேற்ற விசையும் என்று அவர் சொன்னதை, அவை கண்டங்களை நகர்த்தப் போதவே போதா என்று கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். விசையைப் பற்றிய எதிர்ப்பு நியாயமானதே. அதைச் சாக்காக வைத்துச் சான்றுகளையும் ஒதுக்கியதுதான் நியாயமில்லை. அவர் 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார்.

விடை கடலடியில் இருந்தது. 1950-களில் அமெரிக்க வரைபட வல்லுநர் மேரி தார்ப், ஒலியை அனுப்பி ஆழம் அளந்த பதிவுகளைக் கொண்டு அட்லாண்டிக் தரையை வரைந்தபோது, நடுக்கடல் மலைத்தொடரின் முதுகில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதைக் கண்டார். அங்கே புதிய தரை உருவாகி இருபுறமும் விலகுகிறது என்று அமெரிக்கப் புவியியலாளர் ஹாரி ஹெஸ் விளக்கினார். பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது திசைமாறிய பதிவு, மலைத்தொடரின் இருபுறமும் கடல்தரைப் பாறையில் ஒரே ஒழுங்கில் பட்டைகளாக இருப்பதைப் பிரிட்டிஷ் அறிஞர்களான வைனும் மேத்யூஸும் 1963-இல் விளக்கியபின் மறுப்பதற்கு அதிகம் மிஞ்சவில்லை.

கேள்வி: தமிழ்நாடு தட்டுகளின் எல்லையில் இல்லை என்கிறார்கள். பிறகு 2004-இல் ஆழிப்பேரலை ஏன் வந்தது? இங்கே நிலநடுக்கமே வராதா? என் மகன் கேட்கிறான்.
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: எல்லை உங்கள் ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அந்தமான்–சுமத்ரா வழியாகச் செல்கிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு அங்கே ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு நழுவி, கடல்தரையின் ஒரு பகுதி உயர்ந்து மேலிருந்த நீரைத் தள்ளியது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. ஆழ்கடலில் விமான வேகத்தில் வந்த பேரலைக்கு நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. எச்சரிக்க நேரம் இருந்தும் எச்சரிக்கும் அமைப்பு அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007-இல் செயல்படத் தொடங்கியது.

நிலநடுக்கமே வராது என்று மகனிடம் சொல்லிவிட வேண்டாம், ஐயா. தட்டின் உட்பகுதியிலும் பழைய பிளவுகளில் அழுத்தம் சேரும். 1900-இல் கோயம்புத்தூர் பகுதியிலும், 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலிலும் ஏற்பட்ட நடுக்கங்கள் அப்படிப்பட்டவை. எல்லையில் இருப்பதைவிட இங்கே அவை அரிது. 1993-இல் எல்லையிலிருந்து வெகுதொலைவில் இருந்த மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் ஆயிரக்கணக்கானோர் இறந்ததையும் மறக்க முடியாது.

கேள்வி: அறிவியல் கண்காட்சிக்குப் பூமியின் உட்புற மாதிரி செய்யப்போகிறோம். தெர்மோகோல் பந்தை வெட்டி வண்ணம் அடித்தால் போதுமா?
— ஏழாம் வகுப்பு மாணவர் குழு, மதுரை

பதில்: பந்தைவிட, பெரிய அட்டையில் அளவுப்படி ஒரு கால்வட்டம் வரைவது நல்லது. 1 செ.மீ.க்கு 200 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் பூமியின் ஆரம் ஏறத்தாழ 32 செ.மீ. வரும். மையத்திலிருந்து 6 செ.மீ. வரை உட்கருவம், 17.4 செ.மீ. வரை வெளிக்கருவம், மீதி ஏறத்தாழ எல்லாம் கவசம். கண்ட மேலோட்டுக்கு 2 மில்லிமீட்டருக்கும் குறைவான கோடு. கடலடி மேலோட்டுக்குப் பென்சில் கோட்டின் தடிமன் போதும். எவரெஸ்ட் அரை மில்லிமீட்டர்கூட வராது. மேலோடு இவ்வளவு மெல்லியதா என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

கவசத்துக்குச் சிவப்பு வேண்டாம். மேற்கவசத்தில் ஆலிவின் என்னும் பச்சைக் கனிமம் மிகுதியாதலால், எரிமலைகளோடு மேலே வந்த கவசப் பாறைத் துண்டுகள் பச்சையாகவே இருக்கின்றன. நீங்களும் பச்சை அடிக்கலாம். அந்த வெப்பத்தில் பாறை செம்மையாகத்தானே ஒளிரும் என்று நடுவர் வாதிட்டால் அவர் சொல்வதும் சரியே. கவசம் திடம் என்று காட்டவே வேறு நிறம் கொடுத்தோம் என்று சொல்லுங்கள். திரவத்தைக் குறிக்கும் நிறத்தை வெளிக்கருவத்துக்கு மட்டும் கொடுங்கள்.