மகள் புலி ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாளா?

அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகள் எந்நேரமும் புலி, சிறுத்தை என்றே பேசுகிறாள், காட்டுக்குப் போய் என்ன சம்பாதிக்கப் போகிறாள் என்று கேட்டிருந்தீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் அந்த வேலை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமா என்பதை முதலில் பாருங்கள்.

புலியை நேரில் பார்ப்பது அதில் சொற்பம். ஒவ்வொரு புலிக்கும் உடல் வரி வேறு. தானியங்கிக் கேமராவில் விழுந்த படங்களை வைத்து எது எந்தப் புலி என்று பிரிப்பார்கள். பிறகு, படத்தில் சிக்காதவற்றையும் சேர்த்து மொத்தம் எத்தனை இருக்கும் என்று புள்ளியியல் முறையில் கணிப்பார்கள். 2022 கணக்கெடுப்பில் இந்தியாவுக்கு 3,682, தமிழ்நாட்டுக்கு 306 என்று வந்தது இப்படித்தான். கணக்குக்குப் பயந்து உயிரியல் பக்கம் வரும் பிள்ளைகள் தடுமாறுவதும் இங்கேதான். அப்புறம், மாட்டைப் புலிக்குப் பறிகொடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் திட்டுவதைப் பொறுமையாகக் கேட்கவும் தெரிய வேண்டும்.

கால்நடை மருத்துவம் படித்தால்தான் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். மயக்க ஊசி போட மருத்துவர் தேவைதான், ஆனால் காட்டுவிலங்குகளுக்கென்று இருக்கும் பணியிடங்கள் குறைவு. விலங்கியல் போதும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் கிடைத்தால் இன்னும் நல்லது. மேற்படிப்புக்கு மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்துக்கும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கும் (என்.சி.பி.எஸ்.) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இடங்கள் கொஞ்சம், போட்டி கடுமை.

சம்பளத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சித் திட்டங்களில் வேலை பெரும்பாலும் ஒப்பந்தம்தான். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். வீட்டில் கடன் இருந்தால் அதையும் மகளிடம் பேசிவிடுங்கள். நிலையான வருமானம் வேண்டுமென்றால் இந்திய வனப்பணி இருக்கிறது. அதன் முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.ஸுக்கு எழுதும் அதே தேர்வுதான். விலங்கியல் பட்டதாரி அதற்கும் விண்ணப்பிக்கலாம்.

நம் வனத்துறை நடத்தும் பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து, சேற்றில் நின்று எண்ணி எழுதிவிட்டு வந்த பிறகும் அதே பேச்சுதான் என்றால், விலங்கியலுக்கு விண்ணப்பம் போடுங்கள். போடும்போதே, அந்தக் கல்லூரியில் புள்ளியியலும் சேர்த்துப் படிக்க வழி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.