விமானத்தில் குழந்தையோடு சேர்ந்து உட்கார, பக்கத்தில் இருப்பவரிடம் சீட் மாற்றித் தரக் கேட்பது தவறா?

அடுத்த வாரம் பயணம், கணவருக்கு 6-ஆம் வரிசை, உங்களுக்கு 14, ஆறு வயது மகளுக்கு 19 என்று இடம் விழுந்திருக்கிறது, ஏறிய பிறகு மகளுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கேட்கலாம். ஆறு வயதுப் பிள்ளையை முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் விட்டுவிட்டு எந்தத் தாயும் நிம்மதியாக உட்கார முடியாது. ஆனால் அந்த ஆளிடம் போவதற்கு முன்னால் கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கும் முன்னால், இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நான் ஏன் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

வேலைக்காக மாதத்தில் இரண்டு மூன்று முறை பறக்கிறவள் நான். 18 வருடமாக இப்படித்தான். பெரும்பாலும் தனியாகப் போவேன். விமானத்தில் யாருக்காவது இடம் மாற்ற வேண்டும் என்றால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம். கணவன் மனைவியாக வந்தவர்களைப் பிரிக்கக் கூசுவார்கள். மடிக்கணினியை விரித்துவைத்திருக்கும் ஆண்களிடம் கேட்கத் தயங்குவார்கள். என்னிடம் கேட்க யாரும் தயங்கியதில்லை. கணக்கு வைத்ததில்லை, ஆனாலும் இருபது முறைக்கு மேல் எழுந்து கொடுத்திருப்பேன். கைக்குழந்தையோடு வந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் முறை ஏறிப் பயந்துபோயிருந்த ஒரு பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், அடுத்து நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு "பிள்ளை பெற்றிருந்தால் தெரியும்" என்று சிலர் கிளம்புவார்கள். பெற்றால்தான் தெரியும் என்பதில்லை.

ஒரே ஒரு முறை மறுத்தேன். இரவு விமானம், ஐந்து மணி நேரப் பயணம். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. தலை சாய்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னல் ஓர இடத்தை ஆறு வாரத்துக்கு முன்பே தனியாகப் பணம் கட்டி எடுத்திருந்தேன். ஏறிப் பார்த்தால் என் இடத்தில் பத்து வயதுப் பையன் உட்கார்ந்திருக்கிறான், பெல்ட் கூடப் போட்டாகிவிட்டது. பக்கத்தில் அவன் அம்மா, நடைபாதை ஓரத்தில் அப்பா. பையனுடைய சொந்த இடம் சரியாக ஒரு வரிசை பின்னால், நடுவில். இது என் சீட் என்று சொன்னதும் அப்பா நிமிர்ந்து பார்த்து, "தனியாத்தானே போறீங்க, எங்க உட்கார்ந்தா என்ன?" என்றார்.

அவர் என்னிடம் கேட்கவில்லை. கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி அல்ல. "முடியாதுங்க, எனக்கு என் இடம் வேண்டும்" என்றேன். பையன் எழுந்தான், அம்மா பெருமூச்சு விட்டார், ஐந்து மணி நேரமும் அந்த வரிசையில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. கழிப்பறைக்குப் போக அவர்களை எழுப்ப வேண்டுமே என்று தண்ணீர் கூடக் குடிக்காமல் இருந்தேன். தூக்கமும் வரவில்லை.

அந்த வார்த்தை என்னை ஏன் அவ்வளவு தைத்தது என்றால், அதை நான் விமானத்தில் மட்டும் கேட்பதில்லை. அலுவலகத்தில் விடுமுறை நாள் வேலைப் பட்டியல் போடும்போதும் இதேதான். "மத்தவங்களுக்குக் குடும்பம் இருக்கு, நீங்க தனியாத்தானே." எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளில் வருடா வருடம் நான்தான் அலுவலகத்தில் இருந்தேன். பிள்ளைகளின் பரீட்சை என்றால் விடுப்பு கிடைக்கும், என் அம்மாவுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் "வேறு நாள் பார்க்க முடியாதா?" என்பார்கள். என் அம்மா குடும்பம் இல்லையா? ஒருமுறை மேலாளரிடம் நேராகவே கேட்டேன். "நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்றார். அடுத்த பட்டியலிலும் என் பெயர்தான் இருந்தது. நீங்கள் கேட்டது இதையல்ல, தெரியும். ஆனால் சீட் மாற்றித் தரக் கேட்கும்போது எதிரில் இருப்பவர் இப்படி எதையெல்லாம் சுமந்துகொண்டு வந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

சரி, இப்போது அம்மாவின் கதை.

அம்மாவுக்கு 78 வயது. டிமென்ஷியா என்கிற மறதி நோய் தொடங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பார்த்தால் யாருக்கும் தெரியாது. நன்றாக நடப்பார், புடவை மடிப்புக் கலையாமல் உட்காருவார், கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். ஆனால் பத்து நிமிடம் என்னைக் காணவில்லை என்றால் எழுந்து தேடிக் கிளம்பிவிடுவார். மூன்றரை மணி நேரப் பயணத்துக்கு, அடுத்தடுத்த இரண்டு இடங்களை இரண்டு மாதத்துக்கு முன்பே காசு கட்டி எடுத்துவைத்திருந்தேன்.

அன்றைக்கு விமானம் மாறிவிட்டது. ஏர்பஸ் ஏ321 வர வேண்டிய இடத்தில் ஏ320 வந்தது. இரண்டும் ஒரே குடும்பத்து விமானங்கள்தான், ஆனால் ஏ320 நீளம் குறைவு, வரிசைகளும் குறைவு. இப்படி மாறும்போது பழைய இருக்கை வரைபடம் செல்லாது. கணினி எல்லோரையும் புதிதாக அடுக்கும், அப்போது காசு கட்டிப் பக்கத்தில் பக்கத்தில் எடுத்தவர்கள் கூடப் பிரிந்துபோவது உண்டு. எங்களுக்கு அதுதான் நடந்தது. அம்மாவுக்கு 8-இ, எனக்கு 23-பி. இரண்டுமே நடு இருக்கை. கேட்டில் இருந்தவரிடம் சொன்னேன், "உள்ளே கேட்டுக்கோங்க" என்றார். உள்ளே விமானப் பணிப்பெண்ணிடம் சொன்னேன், "எல்லாரும் ஏறட்டும் மேடம்" என்றார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். கதவை மூடும் நேரத்துக்குள் 180 பேரையும் அவர்கள் பெட்டிகளையும் உள்ளே அடக்க வேண்டும், யாரையும் எழுப்பி அனுப்புவது அவருக்கும் சங்கடம்.

அம்மாவை 8-இயில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் நடைபாதை ஓரம் 8-டியில் இருந்தவரிடம் கேட்டேன். ஐம்பது வயது இருக்கும். அம்மாவின் நிலையைத் தணிந்த குரலில் சொல்லி, என் போர்டிங் பாஸைக் காட்டினேன். அதை வாங்கிப் பார்த்தார். 23-பி. பின்பக்கம், நடு இருக்கை. "மன்னிக்கணும்மா, முடியாது" என்றார்.

எனக்கு நெஞ்சு அடைத்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்குள் பின் வரிசையிலிருந்து ஒருவர், "வயசானவங்க சார், கொஞ்சம் மனசு வைங்க" என்றார். இன்னொரு அம்மாள், "மனுஷத்தன்மையே போச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த மனிதர் தலை குனிந்து தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்கு அந்த ஜன்னல் ஓரம், அந்த ஐந்து மணி நேரம் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. "அவர் மேல தப்பு இல்லைங்க, அது அவர் சீட்" என்று திரும்பிச் சொன்னேன். அவர் ஏன் மறுத்தார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. முழங்காலோ, வயிற்று உபாதையோ, அல்லது காசு கட்டி எடுத்த இடத்தைக் கொடுக்க மனமில்லையோ. எதுவானாலும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

இதற்குள் அம்மா பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். "இந்த பஸ் எப்போ கிளம்பும்? இறங்கிடலாமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்னால் இருப்பவரைப் பின்னால் போகச் சொன்னால் யார் போவார்கள்? அம்மாவைத்தான் பின்னால் கூட்டிப் போக வேண்டும், அப்போது என் கையில் கொடுப்பதற்கு ஒரு முன்வரிசை இடம் இருக்கும். ஏறும்போது 23-ஏயில் இருந்த இளைஞர் ஒருவர் பணிப்பெண்ணிடம், அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியுமா என்று பதற்றமாகக் கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. விமானம் மாறியதால் எல்லாமே தாமதம், அவருக்கு இறங்கி ஓட ஐம்பது நிமிடம் கூட இல்லை. போய், "தம்பி, 8-ஆம் வரிசையில் நடு சீட், எடுத்துக்கிறீங்களா? இறங்கும்போது சீக்கிரம் வெளியே போயிடலாம்" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பணிப்பெண்ணிடமும் சொன்னோம். இதை விட்டுவிடாதீர்கள், யாருக்கு உதவி தேவை, யாருக்குத் தனிச் சாப்பாடு என்பதையெல்லாம் இருக்கை எண்ணை வைத்துத்தான் அவர்கள் குறித்திருப்பார்கள், சின்ன விமானம் என்றால் எடைச் சமநிலைக் கணக்கும் உண்டு.

அம்மா ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். எழுந்து போக வேண்டுமானாலும் என்னைத் தாண்டித்தான் போக முடியும். பயணம் முழுக்க மேகத்தைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

என் பக்கமும் ஒரு தவறு இருந்தது. அம்மாவின் நோயைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே நிறுவனத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட பயணிகளுக்கென்று விமானத் துறையில் டிபிஎன்ஏ என்று ஒரு குறியீடே இருக்கிறது. பதிவில் அது இருந்தால், விமானம் மாறினாலும் இவருக்கு உதவி தேவை என்று ஊழியர்களுக்குத் தெரியும். அமெரிக்கா, கனடா விதிகளில் உடல்நலக் காரணத்தால் துணைக்கு வருபவருக்குப் பக்கத்து இருக்கை தர வேண்டும் என்றே இருக்கிறது, ஆனால் நாம் சொல்லியிருக்க வேண்டும். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் அணிந்துகொள்ளும் சூரியகாந்திப் படம் போட்ட பச்சைக் கழுத்துப்பட்டை, 2016-இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி இப்போது பல நாடுகளில் இருக்கிறது. அதுவும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

உங்களுக்கு வருவோம். நீங்கள் சீட் தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க மாட்டீர்கள், கணினி தானாகக் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பெற்றோரையும் பிள்ளையையும் பிரித்துப் போட்டுவிட்டு, சேர்ந்து உட்காரக் காசு கேட்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. அந்தச் சுமையைக் கடைசியில் விமானத்துக்குள் பயணியும் பயணியும் முகம் சுளித்துக்கொண்டு தீர்க்க வேண்டியிருக்கிறது. இதைச் சில அரசுகளாவது புரிந்துகொண்டிருக்கின்றன. கனடாவில் 2019-இல் வந்த விதிப்படி 5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெற்றோர் பக்கத்திலேயே இடம், 5 முதல் 11 வரை அதே வரிசையில் ஒரு இருக்கைக்கு மேல் இடைவெளி கூடாது, கூடுதல் கட்டணமும் கூடாது. இந்தியாவில் 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், 12 வயது வரையான குழந்தைக்கு அதே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தரச் சொன்னது. அமெரிக்காவில் அதே ஆண்டு ஆகஸ்டில், 13 வயது வரையான பிள்ளைகளுக்காக இப்படி ஒரு விதியை அரசு முன்மொழிந்தது.

அந்த "அதே பிஎன்ஆர்" என்பதைக் கவனியுங்கள். உங்கள் மூவரின் பயணச்சீட்டும் தனித்தனியாக எடுத்ததா என்று இப்போதே பாருங்கள். தனித்தனி என்றால் நீங்கள் ஒரே குடும்பம் என்பதே கணினிக்குத் தெரியாது. இன்றே நிறுவனத்தை அழைத்து, மகளின் வயதைச் சொல்லி, பதிவுகளை இணைக்கச் சொல்லுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் செக்-இன் கவுண்டர், அதற்கப்புறம் கேட். அவசர வழி வரிசையில் குழந்தையை உட்கார விட மாட்டார்கள், தொட்டில் மாட்டும் முன் வரிசைகளைக் கைக்குழந்தைக்காரர்களுக்கு வைத்திருப்பார்கள், அதனால் அந்த இடங்களைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

எல்லாம் போய், கடைசியில் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும் என்று வந்தால், மூவரும் ஒன்றாக வேண்டும் என்று கேட்காதீர்கள். மகளுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். அவர் இடத்தில் முதலில் உட்கார்ந்துகொண்டு பேசாதீர்கள், நின்றுகொண்டு மெதுவாகக் கேளுங்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள், சுற்றி இருப்பவர்கள் அவரைப் பேச ஆரம்பித்தால் நீங்களே தடுத்துவிடுங்கள். உங்கள் மூன்று சீட்டில் எது நல்லதோ அதைக் கொடுக்க முன்வாருங்கள். கணவரின் 6-ஆம் வரிசை இடம் ஜன்னல் ஓரமோ நடைபாதை ஓரமோ என்றால், 19-ஆம் வரிசைக்காரருக்கு அது லாபம். கணவர் மகளோடு பின்னால் போகட்டும், நீங்கள் 14-இலேயே இருங்கள்.