கிளம்பும்போதே கவிழும் மருந்து ட்ரோன்

கேள்வி: குடியாத்தம் பக்கம் வாடகைக்கு மருந்து அடிக்கிறேன். 10 லிட்டர் ட்ரோன். கத்திரி வெயிலில், மதியம், டேங்க் நிரம்ப ஊற்றி வரப்பிலிருந்து கிளப்பியபோது இரண்டு முறை சாய்ந்து விசிறி உடைந்தது. மோட்டார் கோளாறா?

பதில்: இரண்டு முறையும் ஒரே பக்கமா சாய்ந்தது? ஆமென்றால் மோட்டாரைப் பாருங்கள். விசிறி மாற்றியபோது வலம் சுற்றுவதையும் இடம் சுற்றுவதையும் மாற்றிப் போட்டிருந்தாலும் கிளம்பிய நொடியே குப்புறத் தள்ளும். வேறு வேறு பக்கம் என்றால் எனக்கு வரப்பின் மேல்தான் சந்தேகம். ஒரு கால் சேற்றிலோ அருகம்புல்லிலோ சிக்கினால் மற்ற கால்கள் மட்டும் எழும்பும். பாதி டேங்க் என்றால் உள்ளே இருக்கும் மருந்தும் சாய்ந்த பக்கமே ஓடும். கட்டாந்தரையில் பலகை போட்டுக் கிளப்புங்கள். தார்ப்பாய் வேண்டாம், காற்றில் எழும்பி விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

அடுத்தது வெயில். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல். 42 டிகிரியில் இங்குள்ள காற்று, 15 டிகிரியில் கடலோரக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இளைத்திருக்கும். அதே எடையைத் தூக்க விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும். முழு பாரத்தில் மோட்டார் ஏற்கெனவே உச்சத்தில் ஓடினால், சாய்வை நிமிர்த்தக் கையிருப்புச் சக்தி இருக்காது. பெரிய மருந்து விமானங்களுக்கும் இதே தொல்லைதான்: குட்டை ஓடுதளம், நிறைந்த தொட்டி, வெப்பம். ஆனால் ஏர் டிராக்டர் 802 என்ற மருந்து விமானம் சுமார் 3,000 லிட்டர் சுமந்தாலும், எழும்பவில்லை என்றால் விமானி நெம்புகோலை இழுத்து மொத்தத்தையும் கீழே கொட்டிவிடலாம். உங்கள் ட்ரோனில் அந்த வசதி கிடையாது. அதனால் பாரத்தைத் தரையிலேயே குறையுங்கள்: மதியம் 8 லிட்டர் போதும். காலை 6 மணிக்கே ஆரம்பித்தால் இன்னும் நல்லது, மருந்தும் ஆவியாகிப் பறக்காது.

விசையைத் தயங்கித் தயங்கி ஏற்றாதீர்கள். தரையை உரசிக்கொண்டே ஊசலாடும் நேரம்தான் ஆபத்து. ஒரே மூச்சில் 2 மீட்டர் எழுப்பி அந்தரத்தில் நிறுத்திப் பாருங்கள். தரையை விட்டு எழும்பும் முன்பே சாய்கிறது என்றால் உடனே மோட்டாரை நிறுத்துங்கள், இழுத்துப் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கவிழ்ந்துவிட்டால் அவசரமாக ஓடாதீர்கள். விசிறி முழுவதும் நின்ற பிறகு, கையுறை போட்டுக்கொண்டு முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அப்புறம் டேங்க். கொட்டிய மருந்து கிணற்றுப் பக்கம் ஓடாமல் மண் அணை போடுங்கள்.