பழைய பேப்பர் கேள்விகள்

கேள்வி: சாயம் நீக்க ரசாயனம், மின்சாரம் என்று இவ்வளவு செலவாகிறதே, பழைய காகிதத்தை மறுசுழற்சி செய்வது உண்மையிலேயே நல்லதா? – ஈரோடு வாசகர்

பெரும்பாலும் நல்லதுதான். மரத்தில் ஏறத்தாழப் பாதிதான் காகிதத்துக்கான நார். அந்த நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினைக் கரைக்க, மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடா போன்ற ரசாயனங்களில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேகவைக்கிறார்கள், பிறகு வெளுக்கிறார்கள். பழைய காகிதத்தில் இந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. தண்ணீரில் கூழாக்கி, சோப்பு நுரையோடு மை மேலே மிதந்து வரும்போது வழித்து எடுத்தால் போதும். மைக்கழிவு மிஞ்சுகிறது என்பதும் உண்மைதான்.

ஆனால் பலரும் பேசாத ஒன்று இருக்கிறது. மரக்கூழ் ஆலை, லிக்னின் கரைந்த கருந்திரவத்தையே எரித்துத் தனக்கு வேண்டிய நீராவியிலும் மின்சாரத்திலும் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். பழைய காகித ஆலைக்கு அந்த வசதி கிடையாது. அது நிலக்கரியை நம்பியிருந்தாலும் மரமும் தண்ணீரும் மிச்சமாகும்; ஆனால் கார்பன் கணக்கில் லாபம் சுருங்கிவிடும். ஆகவே ஆலையின் கொதிகலனில் எது எரிகிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நோட்டுப் புத்தகத்துக்காகக் காடுகள் வெட்டப்படுகின்றனவா? – கரூர் மாணவி

உங்கள் மாவட்டத்துக் காகிதபுரத்திலேயே விடை இருக்கிறது. அங்குள்ள அரசு ஆலை கரும்புச் சக்கையில் காகிதம் செய்வதற்கென்றே தொடங்கப்பட்டது. சவுக்கு, தைல மரம் ஆகியவையும் இன்று கூழாகின்றன. அவை பயிராக வளர்க்கப்படுபவை. சக்கை இலவசம் என்று மட்டும் எண்ண வேண்டாம். சர்க்கரை ஆலைக்கு அதுதான் எரிபொருள். அதைக் காகிதத்துக்குக் கொடுத்தால், அங்கே வேறொன்றை எரித்தாக வேண்டும்.

கேள்வி: ஒரே காகிதத்தை எத்தனை முறை மறுசுழற்சி செய்யலாம்? – மதுரை வாசகர்

பொதுவாக ஐந்து முதல் ஏழு முறை. ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிறது. வெள்ளைத் தாள் பிறகு அட்டைப்பெட்டியாகும். புது நார் சேராமல் காகித உலகம் ஓடாது.

கேள்வி: பழைய பேப்பர் கடையில் எதைப் போடக் கூடாது? – சென்னை வாசகி

எண்ணெய்க் கறை பட்டது, பிளாஸ்டிக் பூச்சுள்ள டீ கப், கடைகளில் தரும் வழவழப்பான வெப்ப ரசீது.

கேள்வி: செய்தித்தாளில் பஜ்ஜி மடிப்பதும் மறுபயன்பாடுதானே? – திருச்சி வாசகர்

மை உணவில் ஏறும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்துவிட்டது. எண்ணெய் குடித்த அந்தத் தாளை எந்தக் காகித ஆலையும் விரும்பாது.