வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்…

கேள்வி: என் கணவர் வெல்டர், வயது 34. பைக்கில் போனபோது வேன் மோதி வலது கை முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். வார்டுக்கே வந்த ஒருவர், "செலவெல்லாம் எங்களுடையது, வருகிற பணத்தில் 30 சதவீதம் கொடுத்தால் போதும்" என்று வக்காலத்தில் (வழக்கை நடத்த வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: போடாதீர்கள் அம்மா. இழப்பீட்டில் வக்கீல் பங்கு பேசுவதையும், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஃபீஸை ஒரு தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள். வெற்றுத்தாளிலோ வெற்று செக்கிலோ கையெழுத்து வேண்டாம். வங்கிக் கணக்கு உங்கள் கணவர் பெயரில், பாஸ்புக் உங்கள் கையில் இருக்கட்டும். பணம் கட்ட வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 இலவச எண்.

அதற்காக நாளைக் கடத்தவும் கூடாது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்பது சட்டம். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதியின் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

வக்கீலிடம் "எவ்வளவு வாங்கித் தருவீர்கள்?" என்று கேட்பதைவிட, "வருமானத்தையும் ஊனத்தையும் எதை வைத்து நிரூபிப்பீர்கள்?" என்று கேளுங்கள். மாத வருமானம் 20,000 ரூபாய் என்று வைப்போம். நிரந்தர வேலை இல்லை, 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 28,000. அதை 12 மாதத்தாலும், இழப்பீட்டுக் கணக்கில் 34 வயதுக்கு வைக்கும் பெருக்கு எண் 16-ஆலும் பெருக்கினால் 53,76,000. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்றால் 16,12,800 ரூபாய். மருத்துவச் செலவு, வலி, வேதனைக்கெல்லாம் தனி. வருமானத்துக்கு ஆதாரம் இல்லையென்று தீர்ப்பாயம் 12,000 என எடுத்துக்கொண்டால், இதே கணக்கு 9,67,680-ல் நின்றுவிடும். எனவே பட்டறை உரிமையாளரின் சாட்சியம், கூலி வரவான வங்கிக் கணக்கு, வெல்டிங் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே திரட்டுங்கள்.

இன்னொன்று: டாக்டர் கைக்கு எழுதும் ஊன சதவீதமும், தொழிலில் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல. வெல்டிங் ஹோல்டரை இறுக்கிப் பிடிக்க முடியாத வெல்டருக்குத் தொழிலே போய்விடலாம். கணக்கு எழுதுபவருக்கு அதே முறிவு அந்த அளவு பாதிக்காது. இந்த வித்தியாசத்தை டாக்டரின் சாட்சியத்தில் வெளிக்கொண்டு வரும் வக்கீலைத் தேடுங்கள். நல்ல வழக்குகள் பெரும்பாலும் தோற்றுப்போவது இங்கேதான்.

கேள்வி: ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் "பைக்கிலிருந்து தானாக விழுந்தார்" என்று இருக்கிறது. எஃப்.ஐ.ஆரில் லாரி மோதியதாக உள்ளது. வழக்கு நிற்குமா? – வாசகர், ஓமலூர்

பதில்: நிற்கும், ஆனால் உழைக்க வேண்டும். சேர்க்க வந்தவர் பதற்றத்தில் சொன்னதை டியூட்டி டாக்டர் அப்படியே எழுதியிருப்பார். இன்ஷூரன்ஸ் தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்; எஃப்.ஐ.ஆரும் சில நாள் தாமதம் என்றால் "ஜோடித்த வழக்கு" என்பார்கள். ஏ.ஆரைத் திருத்தச் சொல்லி அலையாதீர்கள், அது சந்தேகத்தைக் கூட்டும். அழைத்து வந்தவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும். இரு வண்டிகளின் சேதமும் எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டில் ஒத்துப்போகிறதா, லாரி டிரைவர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த முரண்பாட்டை வக்கீலிடம் மறைக்கவே மறைக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக வக்கீல் போனை எடுப்பதில்லை. மாற்றலாமா? – வாசகி, அரியலூர்

பதில்: தாராளமாக. பழைய வக்கீலின் ஒப்புதலோடு புதிய வக்காலத்து தாக்கல் செய்யலாம். அவர் மறுத்தால் தீர்ப்பாயத்தின் அனுமதி பெறலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் காகிதக் கட்டைத் தராமல் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. வக்கீலை மாற்றும் முன் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டு, வழக்கு நடக்கிறதா, ஆஜராகாமல் தள்ளுபடியாகிவிட்டதா என்று பாருங்கள். தள்ளுபடியாகியிருந்தால், மீட்பு மனுவைத்தான் புதிய வக்கீல் முதலில் போட வேண்டும்.