புகைக்குக் காசு கொடுக்காதீர்கள், சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போதுதான் திரும்பியிருக்கிறான். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். மாதம் இரண்டு தடவை கொசுப்புகை அடித்துத் தருகிறோம், ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுங்கள் என்று ஒருவர் வந்து கேட்கிறார். போடலாமா?"

வேண்டாம் அம்மா. அடிக்கும் நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் புகை கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை அது ஒன்றும் செய்யாது. முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும், அவர் அடுத்த தடவை வருவதற்குள் புதுக் கொசு வந்துவிடும். கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும் கொசுவுக்கு முற்றத்துப் புகை எட்டுவதுமில்லை. காய்ச்சல் வந்த தெருவில் சுகாதாரத் துறை அடிக்கும் புகைக்கு ஒரு காரணம் உண்டு, கிருமி ஏறிய கொசுக்களை உடனே குறைப்பது. அதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த வீட்டில் புழு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்." காட்டாதவரை அனுப்பிவிடுங்கள். பிளக்கில் மாட்டினால் சத்தத்தால் கொசு ஓடிவிடும் என்று விற்கும் பெட்டியையும் வாங்க வேண்டாம்.

உங்கள் கவலை இருக்க வேண்டிய இடம் வீட்டுப் பின்புறம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவில் ஒரு வகை வீட்டுக்குள் இருக்கும், இன்னொரு வகை தோட்டத்தில் இருக்கும். இரண்டும் பகலில் கடிக்கும். தோட்டத்துக் கொசுவுக்கு மழைநீர் நின்ற ரப்பர் சிரட்டை, அதாவது பால் வடிய மரத்தில் கம்பியால் மாட்டியிருக்கும் கிண்ணம், போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுத் தொழிலாளியிடம் சண்டைக்குப் போவார்கள். ஒழுங்காக வெட்டு நடக்கும் மரத்துச் சிரட்டையால் பயமில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆள் வருகிறார், பாலை ஊற்றுகிறார், சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலைப் பிய்த்தெடுக்கிறார், புழு வளர அங்கே நேரமில்லை. மழைக்குப் பிளாஸ்டிக் கட்டி வெட்டு தொடரும் தோட்டத்திலும் அப்படித்தான். ஆனால் அதே தோட்டத்தில் வெட்டு நிறுத்திய நாலு மரம் ஓரமாக நிற்கும். மழையால் வாரக்கணக்கில் வெட்டு நின்றிருக்கும். இலையுதிர்வு ஓய்வில் சிரட்டை மல்லாந்தே கிடக்கும். குத்தகை முடிந்து கைவிட்ட தோட்டம் இருக்கும். ஆபத்து அங்கெல்லாம்தான். காய்ந்த சிரட்டையில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மழை பட்டதும் பொரியும். நமக்கோ இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவத்திலும் மழை, ஐப்பசியிலும் மழை. வெட்டு நின்ற அன்றே சிரட்டையைக் கம்பியிலேயே கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் வாரம் ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து, உள்சுவரை நாரால் தேயுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை சுவரிலேயே இருக்கும். பிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, பூந்தொட்டித் தட்டு, வெளியே கிடக்கும் ஆட்டுக்கல், பழைய டயர் எல்லாம் பாருங்கள். தெருவோரம் கோடு போட்டது போல் பிளீச்சிங் பவுடர் தூவுவதை நம்பாதீர்கள், இந்தக் கொசு அந்த மண்ணில் முட்டையிடுவதில்லை. பிள்ளைகள் பகலில் தூங்கினாலும் வலைக்குள் தூங்கட்டும்.

தோட்டத்துக்காரர் வெளியூரில் இருந்தால் பேரூராட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கொசு வளரவிடும் இடத்தின் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்ப 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. மூடாத தொட்டி வைத்த ஏழை வீட்டுக்கு அபராதம் போடத் தெரிந்தவர்களுக்கு ஏக்கர் கணக்கில் கைவிட்ட தோட்டம் மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை? யாராவது காய்ச்சலில் விழுந்த பிறகுதான் புகை வண்டி வருகிறது. வீடுவீடாகப் புழு தேடும் பணியாளர்களைத் தினக்கூலியில் வைத்துக்கொண்டு டெங்குவை ஒழிப்போம் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, காய்ச்சலே வந்துவிட்டால்? மருந்துக் கடையில் ஊசி போடக் கேட்காதீர்கள். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். பாரசிட்டமால் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் நிறையக் கொடுங்கள். டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் பயன்படும், பிறகு ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் எடுங்கள். கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் லேப் தரகர் தினம் மூன்று பரிசோதனை எடுக்கச் சொல்வார். தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்தாலே ரத்தம் ஏற்ற வேண்டும் என்று பயமுறுத்துபவரையும் நம்ப வேண்டாம், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

காய்ச்சல் விட்ட அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் நேரத்தில்தான் நோய் முற்றும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுச் சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோய்விடுங்கள்.