மொட்டையாக நிற்கும் அசேலியா

கேள்வி: வசந்தத்தில் ஆரஞ்சு நிறத்தில் அள்ளிப் பூத்தது என் அசேலியா. குளிர் வந்ததும் இலையெல்லாம் கொட்டி, இப்போது வெறும் குச்சிதான். லேபிளில் 'எக்ஸ்பரி' என்று இருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

பதில்: முதலில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள்! அசேலியாவில் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்பதும் உண்டு, குளிரில் மொட்டையாவதும் உண்டு. உங்களுடையது இரண்டாவது வகை. இங்கிலாந்தில் எக்ஸ்பரி தோட்டத்தில் லயனல் டி ராத்ஸ்சைல்ட் 1920களில் கலப்பினச்சேர்க்கை செய்து உருவாக்கத் தொடங்கிய வரிசை அது. இலை கொட்டுவது அதன் இயல்பு.

சந்தேகமாக இருந்தால் குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. நுனியில் குண்டாக இருப்பது பூமொட்டு, மெலிந்திருப்பது இலைமொட்டு.

எனக்கு இதெல்லாம் தெரியாத காலத்தில் முதல் செடியைப் பிடுங்கியே விட்டேன். கிளையை ஒடித்தபோது உள்ளே பச்சை! பதறிப்போய்த் திரும்ப நட்டேன். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக நல்ல ஆழமாகக் குழி தோண்டி, கழுத்துவரை மண் அணைத்து, நன்றாக மிதித்தும் விட்டேன். பிடுங்கியதில் சாகாத செடி, அந்தக் கவனிப்பில் செத்தது. அசேலியாவின் வேர் நூல் நூலாக மேல்மண்ணிலேயே படரும். அதற்குக் காற்று வேண்டும். வேர்ப்பந்தின் மேல்பகுதி தரைமட்டத்துக்குச் சற்று மேலே தெரியும்படி நட வேண்டும். அதைச் சுற்றிக் கொத்தவும் கூடாது. களையைக் கையால் எடுங்கள்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. சத்துக் குறைவு என்று அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் போட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: மோசமாகாமல் என்ன செய்யும்? இந்தச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டும், அதாவது மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.5 முதல் 6 வரை. மண்ணில் சுண்ணாம்பு ஏறினால், இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. சாம்பலும் முட்டை ஓடும் மண்ணை அந்தப் பக்கமே தள்ளும். இரண்டையும் நிறுத்துங்கள். சுண்ணாம்பு கலந்த உப்புத் தண்ணீருக்குப் பதில் மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். இரும்புச் செலேட் (வேர் எளிதில் எடுக்கும் வடிவில் உள்ள இரும்புச்சத்து) கொடுத்தால் இலை சீக்கிரம் பச்சையாகும், ஆனால் அது தற்காலிகம். கந்தகத்தூள் மண்ணையே புளிப்பாக மாற்றும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். மக்கிய இலையோ பைன் ஊசியிலையோ இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். வெயிலில் மேல்வேர் காய்ந்துபோகாமலும் அது காப்பாற்றும்.

கேள்வி: இலையுதிர் காலத்தில் அழகாகக் கத்தரித்துவிட்டேன். இந்த ஆண்டு ஒரு பூகூட இல்லையே?

பதில்: அழகாக வெட்டியது பூமொட்டுகளைத்தான்! அடுத்த ஆண்டுக்கான மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். அதனால் பூ வாடிய கையோடு கத்தரித்து முடித்துவிடுங்கள். அப்புறம் ஒன்று: வெட்டிய கிளையை ஆடு மாடு மேயும் இடத்தில் போட்டுவிடாதீர்கள். இலை, பூ எல்லாமே விஷம்.